திருந்த வேண்டியவன் யார்?

ரவுடி ஒருத்தன் நல்ல பொண்ணு ஒருத்தியைப் பார்க்கிறான். அவ மேல மனசு போகுது. கத்தியைக் கீழே போடுறான், ஒழுங்கான வேலைக்குப் போறான். பழைய கேஸுக்காகப் போலீஸ் வந்து பிடிச்சிக்கினு போகுது. உள்ளே இருந்துட்டு வெளியே வர்றான். அவ வூட்டுக் கதவு அவனுக்காகத் திறக்குது. படம் முடிஞ்சுது.

ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு 1930-ல் எடுத்த 'சந்தோஷமா நட' என்கிற பேசாத படத்தின் கதை இவ்வளவுதான். மூன்று வருஷம் கழித்து, 1933-ல், இதே சரக்கை இன்னும் இருட்டாக, இன்னும் அழகாக 'வலையில் சிக்கிய பெண்' என்று இன்னொரு தடவை எடுத்தார். உலகம் பூரா படம் பேச ஆரம்பித்த பிறகும் 1936 வரை பேசாத படமே எடுத்துக்கொண்டிருந்த மனிதர். பாகூர், வில்லியனூர் பக்கத்துப் பசங்க நடத்துகிற வாசிப்பு வட்டங்களில் இப்போது இந்தப் படங்களைப் போட்டுக் காட்டுகிறார்கள். காட்டட்டும். நல்லதுதான். ஆனால் டவுனிலிருந்து பேச வருகிற தோழர்கள், 'இது சாதி, மதம், நாடு எல்லாம் கடந்த கதை, மனுஷ மனசோட பொதுக்கதை' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். பசங்களும் கை தட்டுகிறார்கள். அந்தப் 'பொது' என்கிற வார்த்தைதான் எனக்குத் தொண்டையில் சிக்குகிறது. பொதுக் கிணறு, பொதுச் சுடுகாடு, பொதுக் கோயில் என்று இந்த வார்த்தை எங்களைப் படுத்தின பாடு கொஞ்ச நஞ்சமா?

முதலில் படத்துக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். 1930-ல் எடுத்தது என்று நம்ப முடியவில்லை. வரிசையாய்த் தொங்குகிற தொப்பிகளை, ஆபீஸில் டைப் அடிக்கிற பொண்ணுகளை, ஒரே தாளத்துக்குக் காலாட்டுகிற ரவுடிப் பசங்களை அந்த ஆள் பார்க்கிற பார்வையில் ஒரு கள்ளச் சிரிப்பு இருக்கிறது. நாயகன் பேர் கெஞ்ஜி, 'கத்தி' கெஞ்ஜி. (நம்ம காதுக்கு அந்தப் பேர் வேற மாதிரி விழுது. ஆனா படம் பூரா அவன் எவன்கிட்டயும் கெஞ்சவே இல்லை. கெஞ்சுறதெல்லாம் நம்ம பசங்கதான், ஸ்டேஷன் வாசல்ல.) யசுயே என்கிற ஆபீஸ் பொண்ணு மேல அவனுக்குக் காதல். அவன் யார் என்று தெரிந்ததும், ஒழுங்கான ஆளாய் வந்தால் பார்க்கலாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவனும் மாறுகிறான்.

இதே படத்தில் இன்னொருத்தன் இருக்கிறான். யசுயே வேலை பார்க்கிற ஆபீஸின் முதலாளி. கோட்டு சூட்டு போட்ட கனவான். வேலை செய்ய வந்த பொண்ணை ஓட்டல் அறைக்கு வரவழைத்துக் கையைப் பிடித்து இழுக்கிறான். கெஞ்ஜி போய்த்தான் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. சரி, இந்தக் கனவான் எப்போ திருந்துறான்? அவனைத் திருந்தச் சொல்லிப் படத்தில் யாராவது கேட்கிறார்களா? இல்லை. அவன் எந்த ஜெயிலுக்கும் போவதில்லை, எவள் வாசலிலும் தலை குனிந்து நிற்பதில்லை. 1933 படத்திலும் இதே கூத்து. டோக்கிகோ பகலில் டைப்பிஸ்ட், ராத்திரியில் ரவுடியின் துணை. கம்பெனி முதலாளியின் மகன் மோதிரத்தை நீட்டிக்கொண்டு அவள் பின்னால் அலைகிறான். அதுக்குப் பேர் ரவுடித்தனம் இல்லையாம்.

எல்லாத் 'திருந்தும் கதை'களின் சூட்சுமமும் இதுதான். தப்பு முழுக்கச் சின்ன ஆளின் குணத்தில் இருப்பதாய்க் காட்டுவது. அவன் மனசு மாறிவிட்டால் உலகம் சரியாகிவிடும். முதலாளி மாற வேண்டியதில்லை. ஸ்டேஷன் மாற வேண்டியதில்லை. ஊர் மாற வேண்டியதில்லை.

நம்ம கொம்யூன்களில் ரவுடி என்பவன் யார்? சாராயக் கடை ஏலத்தில் போட்டிக்கு வருகிறவனை மிரட்ட ஆள் வேண்டும். நெல்லும் கரும்பும் விளைந்த நிலத்தை மனைக்கட்டாய்ப் போடுகிறவனுக்கு, ஒரு கிழவியை வீட்டைவிட்டு எழுப்ப ஆள் வேண்டும். சங்கராபரணியிலும் தென்பெண்ணையிலும் ராத்திரியில் மணல் ஏற்றுகிறவனுக்கு வண்டிக்கு முன்னால் போக ஆள் வேண்டும். தேர்தலுக்கு வேண்டும், கோயில் திருவிழாவில் முதல் மரியாதைச் சண்டைக்குக்கூட வேண்டும். ஆக ரவுடி ஒரு கூலிக்காரன், அதுவும் வேலை நிரந்தரமில்லாத கூலிக்காரன். பழைய புதுச்சேரியில் ஆலைகள் இருந்தன. 1936 ஜூலை 30-ல் பிரெஞ்சுக்காரன் துப்பாக்கியால் 12 தொழிலாளிகளைப் பறிகொடுத்து எட்டு மணி நேர வேலையை வாங்கின மண் இது. அந்த ஏ.எஃப்.டி., சுதேசி, பாரதி ஆலைகளையெல்லாம் 2020-ல் இழுத்து மூடிவிட்டார்கள். இப்போது சேதராப்பட்டில் ஒப்பந்தக் கூலி, இல்லாவிட்டால் எவனோ ஒருத்தன் 'வாடா தம்பி, ஒரு வேலை இருக்கு' என்று கூப்பிடுகிற வேலை. வேலை கொடுக்கிறவன் பேர் பிரமுகர். செய்கிறவன் பேர் ரவுடி. பிரமுகருக்குப் பிளக்ஸ் பேனர், ரவுடிக்குப் போலீஸ் ஸ்டேஷன் போர்டில் போட்டோ. பசங்க சிலபேர் அந்த ரெண்டாவது போட்டோவையே பெருமையாய் நினைத்துக் கத்தியால் கேக் வெட்டுகிறார்கள். அதை நான் நியாயப்படுத்த வரவில்லை. அந்தக் கத்தி கடைசியில் எந்தத் தெருவில் விழுகிறது என்று எனக்குத் தெரியும். செத்தவனும் சேரிப் பையன், குத்தினவனும் சேரிப் பையன்.

புதுச்சேரியை வைத்தே ஒரு ரவுடிப் படம் வந்தது, 2015-ல், 'நானும் ரவுடிதான்'. காதல், பழிவாங்கல், சிரிப்பு எல்லாம் கலந்த படம். விஜய் சேதுபதிக்கு ரவுடியாக வேண்டுமென்று ஆசை. காது கேட்காத பொண்ணாய் நயன்தாரா. ஜனங்கள் ரசித்தார்கள், நானும்தான் சிரித்தேன். ஆனால் நாயகனின் அம்மா யார் தெரியுமா? போலீஸ் இன்ஸ்பெக்டர். அம்மா இன்ஸ்பெக்டராய் இருந்தால் ரவுடி என்பது ஒரு வேஷம். போட்டுப் பார்க்கலாம், பிடிக்கலன்னா கழற்றிப் போடலாம். எங்க பசங்களுக்கு அந்த வேஷத்தைப் போட்டுவிடுகிறதே ஸ்டேஷன்தான். கழற்றுகிற அதிகாரம் அவன் கையில் இல்லை.

எப்படிப் போட்டுவிடுகிறார்கள் என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். எங்க தெருப் பையன் ஒருத்தன், பேர் வேண்டாம். ஐ.டி.ஐ.யில் பிட்டர் படித்தவன். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு ஏப்ரல் 14-ல் அம்பேத்கர் பேனர் கட்டினதில் தகராறு. ரெண்டு பக்கமும் அடி, ரெண்டு பக்கமும் கேஸ். ஊர்ப் பக்கத்துக் கேஸ் சமாதானம் பேசி முடிந்தது. இவன் மேல் இருந்தது அப்படியே நின்றது. ஒரு கேஸ் இருந்தால் அடுத்த கேஸுக்குப் பேர் எழுதுவது சுலபம். எங்கேயோ நடந்த அடிதடியில் 'மற்றும் சிலர்' என்கிற இடத்தில் இவன் பேர் ஏறியது. அப்புறம் ரவுடிப் பட்டியல். அந்தப் பட்டியலில் சேர்க்க எந்தக் கோர்ட்டும் தீர்ப்பு சொல்லத் தேவையில்லை. தேர்தல் வந்தால் நோட்டீஸ். முன்னே குற்றவியல் நடைமுறைச் சட்டம் 110 என்றார்கள். 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டத்தில் அது 129 ஆகியிருக்கிறது. நம்பர்தான் மாறியது. 'வழக்கமாய்க் குற்றம் செய்கிறவன்' என்று நிர்வாக நடுவருக்குத் தோன்றினால், நன்னடத்தைப் பத்திரம் எழுதி ஜாமீன்தாரர் கொண்டு வரணும். மூணு வருஷம் வரை அந்தக் கயிறு கழுத்தில் இருக்கும். கம்பெனி ஒப்பந்தக்காரன் போலீஸ் சான்று கேட்கிறான். சான்று எங்கே கிடைக்கும்? பேர் எழுதின அதே ஸ்டேஷனில்.

கெஞ்ஜி ஒழுங்கான வேலைக்குப் போனான் என்றேனே, என்ன வேலை தெரியுமா? பெரிய கட்டடங்களின் ஜன்னல் கண்ணாடியைத் துடைக்கிற வேலை. வெள்ளை வெயில், உயரத்தில் நின்று கண்ணாடி துடைக்கிறான். அழுக்கு போகப் போக அவன் மனசும் சுத்தமாகிறது என்று படம் சொல்லாமல் சொல்கிறது. அழகான காட்சி. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு எங்க ஆயா ஞாபகம் வந்தது. ஆயுசு பூரா அடுத்தவங்க அழுக்கைத் துடைத்தவள். துடைத்துத் துடைத்து அவள் எந்தக் காலத்திலாவது 'சுத்தம்' ஆனாளா? துடைக்கிற வேலை அவனுக்கு மீட்பு, எங்களுக்கு அது பிறக்கும்போதே எழுதின தண்டனை. ஜெயிலுக்குள் போனாலும் விடாது. கூட்டுகிற வேலை, கழிப்பறை வேலையைச் சாதி பார்த்துப் பிரித்துக் கொடுக்கும் சிறை விதிகள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே 2024 அக்டோபர் 3-ல்தான். சுதந்திரம் வந்து 77 வருஷம் கழித்து!

நம்ம பக்கம் 'மீட்பு' என்கிற கதைக்கு மூத்த கதை நந்தன் கதை. பாகூரிலிருந்து தெற்கே கடலூரைத் தாண்டினால் சிதம்பரம். அங்கே நந்தன் உள்ளே போகணுமானால் நெருப்பில் இறங்கிச் சுத்தமாகணும். அதை பக்தி என்று சொல்லித் தமிழ் சினிமா ஊமைப் படக் காலத்திலிருந்தே திரும்பத் திரும்ப எடுத்தது. 1935-ல் கே.பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்து எடுத்தார்கள், 1942-ல் தண்டபாணி தேசிகரை வைத்து எடுத்தார்கள். காந்தியார் 1934 பிப்ரவரியில் அரிஜன யாத்திரையாய்ப் புதுச்சேரிக்கு வந்தார். சாதி இந்துக்களை மனசு சுத்தம் பண்ணிக்கொள்ளச் சொன்னார், அது உண்மை. கூடவே எங்களுக்கும் குளி, குடிக்காதே, செத்த மாட்டைத் தின்னாதே என்று புத்தி சொன்னார். குளிக்காததாலா ஊர்க் குளத்தில் இறங்க விடவில்லை? குளத்தில் இறங்க விடாததால் குளிக்கவில்லை, ஐயா!

அடுத்து உடுப்பு. ஓசுவின் ரவுடிகளை உடுப்பை வைத்துத்தான் கண்டுபிடிக்கணும். மேல்நாட்டுக் கோட்டு, சாய்ந்த தொப்பி. திருந்தினதும் கெஞ்ஜிக்கு வேலைக்காரன் உடுப்பு வந்துவிடுகிறது. உடுப்பே வாக்குமூலம். இங்கே 2012 டிசம்பரில் பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் என்ன சொன்னார்? ஜீன்ஸ், டி-ஷர்ட், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு தலித் இளைஞர்கள் மற்ற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்றார். 'நாடகக் காதல்' என்று பேர் வைத்தார்கள். அதற்கு ஒரு மாசம் முன்னால், நவம்பர் 7-ல், தர்மபுரி நத்தம் காலனியும் பக்கத்து ரெண்டு காலனிகளும் எரிந்து முடிந்திருந்தன. காரணம் இளவரசன் செய்த கல்யாணம். 2013 ஜூலை 4-ல் இளவரசன் தண்டவாளத்து ஓரம் பிணமாய்க் கிடந்தான். வீடு கொளுத்தினவன் ரவுடி இல்லை, கூலிங் கிளாஸ் போட்டவன் ரவுடி! இதுதான் நம்ம ஊர்த் திரைக்கதை.

இங்கேதான் 'பொதுக்கதை' என்கிற பேச்சு உடைகிறது. ஓசு படத்தில் காதல் ஒரு ரவுடியை மனுஷன் ஆக்குகிறது. நம்ம பக்கம் காதல் மனுஷனை ரவுடி ஆக்குகிறது. நான் சொன்ன அந்தப் பையனுக்கு மூணாவது கேஸ் எப்படி வந்தது? கம்பெனி பஸ்ஸில் கூட வந்த ஊர்ப் பொண்ணு. ரெண்டு பேரும் பேசிப் பழகினார்கள், ஒருநாள் கிளம்பிப் போனார்கள். வந்த புகார், ஆள் கடத்தல். பொண்ணு நடுவர் முன்னால் நின்று 'நானாத்தான் போனேன்' என்று சொன்னது. அப்புறம் சொந்தக்காரர்கள் அழுது புரண்டு கூட்டிக்கொண்டு போனார்கள். பொண்ணு வூட்டுக்குப் போச்சு. கேஸ் பையனோடு இருந்துபோச்சு.

இவன் தப்பிச்சான் என்றுதான் சொல்லணும். விருத்தாசலம் பக்கத்து முருகேசன் தப்பிக்கவில்லை. அவன் எந்தப் பட்டியலிலும் இல்லாதவன், கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தவன். கண்ணகியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். 2003 ஜூலையில் ரெண்டு பேர் வாயிலும் காதிலும் விஷத்தை ஊற்றிக் கொன்று எரித்தார்கள், ஊர் பார்க்க. போலீஸ் என்ன செய்தது? முருகேசனின் சொந்தக்காரர்களையும் குற்றவாளிப் பட்டியலில் சேர்த்தது. ரெண்டு சாதிக்காரனும் சேர்ந்துதான் கொன்றான் என்று கணக்கு நேர் பண்ணியது. 2021 செப்டம்பரில் கடலூர் கோர்ட் 13 பேருக்குத் தண்டனை கொடுத்தது. அதில் போலீஸ்காரர்களும் உண்டு. முருகேசனின் உறவினர் இருவர் விடுதலை. பதினெட்டு வருஷம் அவர்கள் 'குற்றவாளி'யாய் அலைந்தார்கள். அதற்கு எந்தப் படத்தில் மீட்பு?

தமிழ்ப் படங்களில் இதைக் கொஞ்சமாவது நேர்மையாய்ச் சொன்னவை சமீபத்தில்தான் வந்தன. 'பரியேறும் பெருமாள்' (2018) படத்தில் சட்டக் கல்லூரிப் பையன் காதல் என்று வாய் திறந்து சொல்லவே இல்லை. அதற்கே கல்யாண வீட்டில் அறைக்குள் பூட்டி அடிக்கிறார்கள். 'ஜெய் பீம்' (2021) தொடங்குகிற இடத்தைப் பாருங்கள். ஜெயில் வாசல். விடுதலையாகி வெளியே வருகிறவனிடம் சாதி கேட்கிறார்கள். ஒரு சாதிக்காரன் வீட்டுக்குப் போகலாம். இன்னொரு சாதிக்காரனை அங்கேயே வேற ஸ்டேஷன்காரன் வேற கேஸுக்கு ஏற்றிக்கொண்டு போகிறான். (அந்தப் படத்துக்கு மூலமான 1993 கம்மாபுரம் ராஜாக்கண்ணு குறவர் இனம். படத்தில் இருளர் ஆக்கிவிட்டார்கள். அதைப் பற்றித் தனியாய்ச் சண்டை போடணும்.) கெஞ்ஜி வெளியே வருகிற ஜெயில் வாசலையும் இந்த வாசலையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்த பிறகு 'பொதுக்கதை' என்று யாராவது பேசட்டும்.

நான் ஓசு மேல் பழி போடுகிறேன் என்று நினைக்காதீர்கள். அவர் நாட்டில் சாதி இல்லை, அதனால் படத்தில் இல்லை என்று ஒரு தம்பி எனக்குச் சமாதானம் சொன்னான். அதுதான் தம்பி, அங்கேதான் கதை இருக்கு. ஜப்பானில் புராக்குமின் என்று ஒரு மக்கள். தோல் வேலை, மாடு அறுக்கிற வேலை, பிணத்தோடு சம்பந்தப்பட்ட வேலை. ஊருக்கு வெளியே குடியிருப்பு. முகத்தைப் பார்த்தால் வித்தியாசம் கிடையாது, பேசுவதும் அதே ஜப்பானிய மொழி. பிறந்த இடத்தை வைத்துத்தான் தீட்டு. 1871-ல் அரசாங்கம் இனி எல்லாரும் சமம் என்று ஆணை போட்டது. (அதே 1871-ல்தான் வெள்ளைக்காரன் இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டான். ஒரே வருஷம்! அங்கே பேரளவில் அவிழ்த்தான், இங்கே சட்டப்படி கட்டினான்.) ஆணை போட்ட அடுத்த வருஷமே எடுத்த குடும்பப் பதிவேட்டில் பல இடங்களில் இவர்களைப் 'புதுக் குடிமக்கள்' என்று தனியாய்க் குறித்து வைத்தார்கள். அப்புறம் ஆணையாவது மண்ணாவது. நூறு வருஷம் கழித்து 1975-ல் என்ன வெளியே வந்தது என்றால், புராக்குக் குடியிருப்புகளின் பேர்களைப் பட்டியலாய் அச்சடித்துப் பெரிய பெரிய கம்பெனிகளுக்கு ரகசியமாய் விற்றிருக்கிறார்கள். வேலைக்கு எடுக்கும்போது பார்த்து ஒதுக்க. பட்டியல் போடுகிற புத்தி எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஓசு படத்தில் கெஞ்ஜி எந்தத் தெருவில் பிறந்தவன் என்று ஒரு எழுத்து அட்டைகூட வருவதில்லை. பேசாத படம், சரி. எதைப் பேசவில்லை என்றும் கேட்கணும் இல்லையா?

இப்போது 1933-க்கு வாங்க. ரவுடியும் அவன் காதலியும் போலீஸிடம் பிடிபட்டுக் கட்டிக்கொண்டு அழுகிற அந்தப் படம் வந்த அதே வருஷம், ஜூன் மாசம். தகாமட்சு என்கிற ஊரின் மாவட்டக் கோர்ட்டில் ஒரு வழக்கு. புராக்கு இனத்து அண்ணன் தம்பி ரெண்டு பேர், பழைய சாமான் வாங்கி விற்கிறவர்கள். அவர்களில் ஒருத்தனுக்கு ஒரு பெண்ணோடு பழக்கமாகி, சேர்ந்து வாழ முடிவு செய்தார்கள். பெண்ணின் அப்பா புகார் கொடுத்தார். குற்றச்சாட்டு என்ன? கல்யாணத்துக்காக ஆள் கடத்தல். எப்படிக் கடத்தினார்களாம்? தாங்கள் புராக்கு என்பதைச் சொல்லாமல் மறைத்தார்களாம். சாதியைச் சொல்லாமல் காதலித்தது கடத்தல்! ரெண்டு பேருக்கும் ஜெயில் தண்டனை. 'நாடகக் காதல்' என்ற வார்த்தையை நம்ம ஆட்கள் 2012-ல் கண்டுபிடித்தார்கள் என்று நினைத்திருந்தோம். தகாமட்சு நீதிபதி 79 வருஷம் முந்திக்கொண்டார்.

எனக்கு வேண்டிய 'ஜப்பானிய ரவுடி, காதல், மீட்பு' கதை இதுதான். ஏனென்றால் இதில் மீட்பு வேற பக்கத்திலிருந்து வருகிறது. புராக்கு மக்கள் 1922 மார்ச் 3-ல் கியோட்டோவில் கூடி 'ஸுய்ஹெய்ஷா' என்று ஒரு சங்கம் கட்டியிருந்தார்கள். சமநிலைச் சங்கம் என்று சொல்லலாம். கறுப்புக் கொடி, நடுவில் சிவப்பில் முள்முடி. அவர்களுடைய முக்கிய ஆயுதம் என்ன தெரியுமா? கண்டனம். இழிவாய்ப் பேசினவன் வாத்தியாராய் இருந்தாலும், பட்டாளத்து அதிகாரியாய் இருந்தாலும், அவன் வாசலுக்கே கூட்டமாய்ப் போவது. அவனை உட்கார வைத்து, சொன்ன வார்த்தைக்கு விளக்கம் கேட்பது. எழுத்தில் மன்னிப்பு வாங்குவது. அதாவது திருந்த வேண்டியவன் இழிவுபட்டவன் இல்லை, இழிவுபடுத்தினவன் என்று ஆளைத் திருப்பி உட்கார வைத்தார்கள். தகாமட்சுத் தீர்ப்பை ரத்து செய் என்று நாடு பூராவும் கூட்டம் போட்டார்கள், தலைநகரம் வரை ஊர்வலம் போனார்கள். தண்டனைக் காலம் முடிவதற்கு முன்பே அந்த ரெண்டு பேரையும் வெளியே விட வேண்டியதாயிற்று. இந்தக் கதையைப் படமாக எடுக்க ஓசுவுக்குத் தோன்றியிருக்காது, அதை விடுங்கள். திரையிடலுக்குப் பிறகு பேச எழுந்திருக்கிற நம்ம தோழர்களுக்கும் தோன்றவில்லையே!

அம்பேத்கர் 1927-ல் மகாட் குளத்துத் தண்ணீரைக் கையில் அள்ளினபோது யாருடைய மனசையும் சுத்தம் பண்ண அள்ளவில்லை. உரிமைக்காக அள்ளினார். 1930-லிருந்து 1935 வரை நாசிக்கின் கோயில் வாசலில் நம் மக்கள் அடி வாங்கினார்கள். கதவு திறக்காது என்று தெரிந்ததும் அவர் சொன்னது, இந்தக் கதவே நமக்கு வேண்டாம் என்பதுதான். திருந்தி வா, திறக்கிறேன் என்கிற வாசலில் நிற்கக் கூடாது. யசுயே வாசலில் கெஞ்ஜி நிற்கலாம், அவன் பாடு.

ஆனாலும் 1933 படத்தில் ஒரு பெண் இருக்கிறாள், அவளை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். டோக்கிகோ. தன் ஆளுக்கு ரெக்கார்டுக் கடையில் வேலை பார்க்கிற ஒரு 'நல்ல பொண்ணு' மேல மனசு போய்விட்டது என்று தெரிந்து, துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போகிறாள். போன இடத்தில் அந்தப் பொண்ணை அவளுக்கே பிடித்துப்போகிறது. முத்தம் கொடுத்துவிட்டு வருகிறாள்! தமிழ்ப் படமாய் இருந்தால் இந்த மாதிரிப் பொம்பளை கடைசி ரீலில் நாயகனுக்கு வர வேண்டிய குண்டைத் தன் மார்பில் வாங்கிக்கொண்டு, அவன் மடியில் செத்து, நல்ல பொண்ணுக்கு வழி விட்டிருப்பாள். எத்தனை சில்க் ஸ்மிதா படம் பார்த்திருக்கிறோம்! இங்கே டோக்கிகோ சாகவில்லை. கடைசியாய் ஒரு கொள்ளை, அந்தப் பொண்ணின் தம்பி கடையில் எடுத்த பணத்தைக் கட்டுவதற்காக. போலீஸ் துரத்துகிறது. ஓடிக்கொண்டே இருக்கலாம் என்கிறான் அவன். பிடிபட்டு, உள்ளே இருந்துவிட்டு, புதுசாய் ஆரம்பிக்கலாம் என்கிறாள் இவள். கேட்க மாட்டேன் என்கிறான். அவன் காலில் சுடுகிறாள். அப்புறம் கட்டிப்பிடித்துக்கொள்கிறாள். எவனோ ஒரு கனவான் வீட்டுப் பொண்ணு வந்து அவனை மீட்கவில்லை. கூடவே சேற்றில் கிடந்தவள்தான் நிறுத்துகிறாள். நம்ம இயக்கத்து ஆம்பளைகள் இந்த இடத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஸ்டேஷன் வாசலில் ராத்திரி பூரா உட்கார்ந்திருப்பது யார், வக்கீலுக்குத் தோட்டை அடகு வைப்பது யார் என்று யோசித்துவிட்டுச் சிரிக்கட்டும். மேடையில் நாற்காலி போடும்போது மட்டும் அவர்கள் பேர் மறந்துபோகிறது.

நான் சொன்ன பையனுக்கு இந்தத் தடவையும் நோட்டீஸ் வந்திருக்கிறது. பத்திரத்துக்கு ஜாமீன்தாரர் ரெண்டு பேர் வேணும் என்கிறார்கள். சொந்த வீடு இருக்கணும், வரி கட்டின ரசீது இருக்கணும். அவன் அம்மா தெருத் தெருவாய்க் கேட்டுக்கொண்டு போகிறாள். எங்க வூடு என் பேரில் இருக்கிறது, நான் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் ஒருத்தர் வேணும். இந்தப் பத்திரிகையைப் படிக்கிற டவுன் தோழர்களில் யாரிடமாவது வரி ரசீது இருந்தால் எடுத்துக்கொண்டு வரட்டும். காலையிலேயே வரணும். மதியத்துக்கு மேல் அந்த ஆபீஸில் யாரும் இருக்க மாட்டாங்க.